விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கை ஏன் மாறிப்போகிறாள்?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு சின்ன ஊரில் டெய்லர் வேலை செய்கிறேன். வயது 31. என் தங்கைக்கு 23. அவளுக்கு 17 வயதிருக்கும்போது, பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை என்று தெரிந்த பெண் ஒருத்தி அழைத்துப்போனாள். அங்கிருந்து மும்பைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து போலீஸ் ரெய்டில் மீட்கப்பட்டாள். எட்டு மாதம் ஹோமில் வைத்திருந்து எங்களிடம் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

வந்த புதிதில் பேசவே இல்லை. போகப்போகச் சரியாகும் என்று இருந்தோம். இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டாள். சாயங்காலம் ஆனாலே எரிந்து விழுகிறாள். அம்மா தலையில் வைத்துவிட்ட மல்லிகைப்பூவைப் பிய்த்து எறிந்தாள். ராத்திரி தூங்குவதில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குளிக்கிறாள். தலைவலி, வயிற்றுவலி என்று எந்நேரமும் சொல்கிறாள். ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். என் நாலு வயது மகன் விளையாட்டாக அவள் அறைக் கதவைத் தட்டியதற்கு ஓங்கி அறைந்துவிட்டாள். ஆனால் என் ஒன்பது வயது மகள் டியூஷனுக்குப் போனால் பின்னாலேயே போய், முடியும்வரை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கேஸ் விஷயமாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறாள். அங்கே இவளை வைத்திருந்த பெண்ணிடம் ஒளிந்து ஒளிந்து போனில் பேசுகிறாள் என்று தெரிந்து போனை வாங்கி வைத்துவிட்டோம். ராத்திரி எங்காவது போய்விடுவாளோ என்று அவள் அறையை வெளியே தாழ்ப்பாள் போடுகிறோம். போன மாதம் ஒரு சண்டையில், "இதுக்கு அங்கேயே இருந்திருக்கலாம்" என்றாள். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூடவா ஓடிவர முடியல?" என்று மாமா கேட்கிறார். விஷயத்தைச் சொல்லாமல் இரண்டாம் தாரமாக ஓர் இடத்தில் கொடுத்துவிடலாம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. அவள் குணமே மாறிவிட்டதா? கல்யாணம் செய்துவைக்கலாமா?

தங்கையை அழைத்துப்போன அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு முதலில் கூட்டிவந்தவள் நான்தான் டாக்டர். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று ராத்திரி அந்த வெளித் தாழ்ப்பாளைப் போடாதீர்கள். மற்றதை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். பறிகொடுத்துத் திரும்பக் கிடைத்த பிள்ளையைப் பத்திரப்படுத்தத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவரை விலைக்கு வாங்கியவர்களும் வெளியேதான் தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். கொண்டியில் இரும்பு விழுகிற அந்தச் சத்தம் அவர் காதுக்கு ஒன்றுதான். போடுகிற கை அக்காவுடையதா, விலைக்கு வாங்கியவளுடையதா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதைத் தாண்டிப் போய்விடவில்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவள். என் அறையில் நோயாளிக்கான நாற்காலி கதவுக்கு முதுகு காட்டி இருக்கும். உங்கள் தங்கையைப் போலத் திரும்பி வந்த ஒரு பெண், மூன்று முறை வந்தும் அதில் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடம்பிடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். நாலாவது முறை, "எங்க போட்டா உக்காருவம்மா?" என்று கேட்டேன். அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், கதவும் ஜன்னலும் ஒருசேரக் கண்ணில் படுகிற மாதிரி சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தன் பெயரைச் சொன்னார். அதுவரை எங்கள் ஏட்டில் இருந்தது அங்கே அவருக்கு வைத்த பெயர். நான்கு முறை அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

குணம் மாறிவிட்டதா என்று கேட்டீர்களே, மாறவில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை அங்கே உயிரோடு இருப்பதற்காக அவர் உடம்பு பழகிக்கொண்டவை. ஆபத்து முடிந்துவிட்டது என்று அறிவுக்குத் தெரியும். உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம் என்றால் முகம் கழுவி, பொட்டு வைத்து, பூ வைத்துக்கொள்கிற நேரம். அந்தத் தெருக்களிலும் அதே நேரத்தில்தான் அதையே செய்யச் சொல்வார்கள். குளி, பவுடர் போடு, பூ வை, வாசலில் போய் நில். மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஆயிரம் சாயங்காலங்கள். அம்மா ஆசையாகத் தலையில் வைத்த மல்லிகையின் வாசனையை மூளை வாசனையாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதற்கான மணியாக எடுத்துக்கொள்கிறது. கையில் கிடைத்ததைப் பிய்த்து எறிந்த பிறகு, "ஏன் எறிஞ்ச?" என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். உங்கள் மகன் கதவைத் தட்டியதும் இப்படித்தான். அறைக்குள் இருக்கிற பெண்ணுக்கு அங்கே கதவு தட்டப்பட்டால் ஒரே ஒரு அர்த்தம்தான். அறைந்தது நான்கு வயதுக் குழந்தையை என்று கை இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோயை பி.டி.எஸ்.டி. என்பார்கள். நடந்தது இப்போதே நடப்பதுபோலத் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, எந்நேரமும் உடம்பு விழிப்பிலேயே இருப்பது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஒரே ஒரு விபத்தில் சிக்கியவருக்கும் இது வரலாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தப்பிக்க வழியில்லாமல் கொடுமைப்பட்டவர்களுக்கு இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்ளும். கோபமும் அழுகையும் கட்டுக்குள் நிற்காது. "நான் கெட்டுப்போனவள், எதற்கும் லாயக்கில்லாதவள்" என்ற எண்ணம் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். யாரிடமும் நெருங்க முடியாது. இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளில் நாலைந்து குளியல் எதற்கென்று இப்போது உங்களுக்கே புரியும். நேரில் பார்க்காமல் தங்கைக்கு இதுதான் என்று என்னால் சொல்லிவிட முடியாது. ஆனால் கடிதத்தைப் படித்தால் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் இதுதான் தோன்றும்.

தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. ஐரோப்பாவில் இப்படி மீட்கப்பட்டு வந்த 192 பெண்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. பத்தில் எட்டுப் பேருக்குத் தலைவலி. அதே அளவுக்குத் தீராத அசதி. பத்தில் ஆறு பேருக்கு ஞாபகத்தில் கோளாறு. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள். தலையில் பட்ட அடி, சரியாகத் தூங்காத வருடங்கள், எந்நேரமும் இறுகியே இருக்கும் தசைகள் என்று தலைவலிக்குக் காரணங்கள் நிறைய. அடிவயிற்று வலிக்குப் பல சமயம் கருக்குழாயில் பழைய கிருமித்தொற்று காரணமாக இருக்கும். எல்லா ஸ்கேனிலும் அது தெரியாது. "அங்கே நோய் ஏதாவது வந்து மருந்து எடுத்தாயா?" என்று கேட்டு, பெண் மருத்துவர் ஒருவர் பொறுமையாகப் பரிசோதிக்க வேண்டும். போகும்போதே அந்த மருத்துவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: தங்கை "நிறுத்துங்க" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். காலை விரித்துப் படுக்கச் சொல்கிற அந்த மேஜையே அவருக்கு இன்னொரு கொடுமையாகிவிடக் கூடாது.

எச்.ஐ.வி. பரிசோதனை ஹோமில் இருந்தபோதே செய்திருக்கலாம். முடிவு தங்கைக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். அவர் சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை உங்களிடமோ அம்மாவிடமோ சொல்லவும் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்திய விபசார விடுதிகளிலிருந்து நேபாளத்துக்குத் திரும்பிய 287 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வில் 38 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதில்தான் லாபம் இருக்கிறது. இன்றைக்கு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் முழு ஆயுளும் வாழ்கிறார்கள். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் மற்றவருக்குப் பரவுவதும் இல்லை.

இனி மாமாவின் கேள்வி. இதைக் கேட்கிற மாமாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கெட்ட மனதோடு கேட்பவர்கள் குறைவு. ஆனாலும் இந்த ஒரு கேள்வி அந்தப் பெண்களை எவ்வளவு குத்துகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். முதல் சில வாரங்களில் அங்கே நடப்பது ஒரு பெண்ணை உடைப்பது. அடி, பட்டினி, இருட்டறை. புரோக்கருக்குக் கொடுத்த விலை அவள் தலையில் கடனாக ஏறும். சாப்பாடு, துணி, ஊசி மருந்து எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாளும் தீராது. மொழி தெரியாது. கையில் பணம் கிடையாது. தெருமுனையில் நிற்பவன் யார் ஆள் என்று தெரியாது. ஓடிப் பிடிபட்டவளுக்கு என்ன நடக்கும் என்பதை மற்றவர்கள் கண்முன்னால் செய்து காட்டுவார்கள். அதற்கும் மேல், "உங்க வீடு எங்களுக்குத் தெரியும், போட்டோவ ஊருக்கே அனுப்புவோம், வீட்ல இருக்கிற சின்னப் பொண்ணத் தூக்குவோம்" என்ற மிரட்டல். தங்கை போகும்போது உங்கள் மகளுக்கு மூன்று வயது இருந்திருக்கும். டியூஷன் வாசலில் அவர் எதற்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவேளை உங்களுக்கு இதிலிருந்து புரியலாம். அவர் ஓடிவராமல் இருந்ததற்கே அந்தக் குழந்தைதான் காரணமாக இருந்திருக்கலாம்.

சட்டம்கூட மாமாவின் கேள்வியைக் கேட்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370, ஆள்கடத்தல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இருந்ததா இல்லையா என்பதே பொருட்டல்ல என்று விளக்கம் போட்டே வைத்திருக்கிறது. தங்கைக்கு அப்போது 17 வயது. அதனால் போக்சோ சட்டமும் சேரும்.

வழக்கு விஷயத்தில் அவர் மாற்றி மாற்றிச் சொல்வதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிஞ்சிய பயத்தில் இருக்கும் மூளை, நடப்பதை வரிசையாக எழுதி வைப்பதில்லை. ஒரு சுவரின் நிறம், ஒரு செருப்பு, ஒரு பாட்டின் இரண்டு வரி என்று துண்டு துண்டாகத்தான் பதியும். தேதி பதியாது. முன்பின் மாறும். இதைக் குறுக்கு விசாரணையில் அவருக்கு எதிராகத் திருப்புவார்கள் என்பதால்தான் அவருக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்கிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். இழப்பீட்டுக்கான மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், வழக்கு முடியாவிட்டாலும் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாமலே வருடங்கள் போய்விடுகின்றன. போக்சோ நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், பெயரை எந்தப் பத்திரிகையும் போட முடியாது. இதையெல்லாம் தங்கையிடம் சொல்லுங்கள். சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதில் வீட்டில் யாரும் அவரை நெருக்கவேண்டாம்.

அந்த போன். இதுதான் உங்களை அதிகம் கோபப்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். கடித்த பாம்பிடமே ஏன் போகிறாள் என்று. அங்கே சோறு போடுவதும் தங்கையை வைத்திருந்த அந்தப் பெண்தான், பட்டினி போடுவதும் அவள்தான். அடி விழுந்த அன்று மஞ்சள் பற்று போட்டவளும் அவளாக இருக்கும். சில சமயம் அவளே பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி விற்கப்பட்டு வந்தவளாக இருப்பாள். வேறு யாருமே இல்லாத இடத்தில் மனது ஏதாவது ஒரு மனிதமுகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி வீடு வந்ததும் விட்டுப்போவதில்லை. தவிரவும் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: தங்கை பேசுகிற எதையும் கேட்டு முகம் சுளிக்காத, அந்த வருடங்களைத் தெரிந்த ஒரே ஆள் இன்றைக்கு அவள்தான். வீட்டில் யாரிடம் அதைப் பேச முடியும்?

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இப்படித் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் அங்கே போவது நடக்கிறது. அவள் வழக்கில் குற்றவாளியாக இருந்தால், சாட்சியைக் கலைக்கப் பேசுகிறாள் என்றும் இருக்கலாம், மிரட்டல்கூட இருக்கலாம். போனைப் பிடுங்கி வைத்தால் அதெல்லாம் நிற்காது, நீங்கள் தெரிந்துகொள்வதுதான் நிற்கும். போனைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, "அவ மிரட்டினா எங்கிட்ட சொல்லு, நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் நிஜமாகவே கோபப்படாமல் இருக்கவேண்டும். மிரட்டல் இருந்தால் அந்த வழக்கறிஞர் மூலம் சாட்சிப் பாதுகாப்புக் கேட்கலாம்.

"அங்கேயே இருந்திருக்கலாம்" என்ற அந்த வார்த்தையை உங்கள் அம்மா தன் வளர்ப்பின் மேல் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டுவிட்டார். நான் இதே வார்த்தையை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். எவருக்கும் அந்த வாழ்க்கை பிடித்திருந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மீட்ட பிறகும் பூட்டுதான் என்ற களைப்பு அது. அங்கே ஒரு பூட்டு, ஹோமில் ஒரு பூட்டு, சொந்த வீட்டில் ஒரு பூட்டு. 1956-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், மீட்கப்பட்டவரை ஒன்று முதல் மூன்று வருடம்வரை காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அதுவும் தண்டனைதான். 1990-ல், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே சென்னையில் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களை வெளியே கொண்டுவர உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. வயது வந்த பெண்களை விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைத்திருக்கிறார்களா என்று கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பலர் இதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அடைத்து வைப்பதில் இவ்வளவு பெரிய அமைப்புகளே தவறியிருக்கும்போது, ஒரு குடும்பம் தவறியதில் ஆச்சரியமில்லை. திருத்திக்கொள்ள உங்களுக்கு எந்த நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வார்த்தைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று தங்கையிடம் யாராவது நேராகக் கேட்டீர்களா? கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. தனியாக இருக்கும்போது, கையைப் பிடிக்காமல், மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். செய்துவைக்காதீர்கள். கல்யாணமே கூடாது என்று சொல்லவில்லை. செய்து "வைப்பது" கூடாது. அவர் உடம்பை யாரிடம் ஒப்படைப்பது என்று மற்றவர்கள் முடிவு செய்தது ஒருமுறை நடந்துவிட்டது. தெரியாத ஓர் ஆணோடு ஓர் அறையில் இரவு, கதவு சாத்தப்படும். அம்மாவுக்கு அது சாந்தி முகூர்த்தம். தங்கையின் உடம்புக்கு அது எதுவாக இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மறைத்துச் செய்வது அதைவிடக் கொடுமை. எந்த நிமிஷம் வெளியே தெரியுமோ என்ற பயத்தில் ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாத வேலைக்காரியாக அந்த வீட்டில் கிடக்க வேண்டிவரும். நாளைக்கு அவருக்கே ஒருவரைப் பிடித்து, அவரே சொல்ல விரும்பியதைச் சொல்லி, வாழ ஆசைப்பட்டால் அன்றைக்கு நீங்கள் கூட நில்லுங்கள். என்னிடம் வந்தவர்களில் அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிகிச்சை உண்டா என்றால், உண்டு. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பதற்றத்தையும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளையும் குறைக்கும். வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது. மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோய்க்கு அது உதவாது, பழக்கமாகிவிடும். மருந்தைவிட முக்கியம், இதில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் பல மாதங்கள் பேசுவது. நடந்ததை முதல் நாளே கொட்டச் சொல்லமாட்டார்கள். முதலில் பதற்றம் வரும்போது நிகழ்காலத்துக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பார்கள்: பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி, குளிர்ந்த நீரைக் கையில் ஊற்றி. சின்ன விஷயமாகத் தெரியும். நடுராத்திரி மூன்று மணிக்கு அதுதான் கைகொடுக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181 மகளிர் உதவி எண்ணில் கேட்டு, உங்கள் மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போங்கள். தங்கைக்குச் சம்மதம் இருந்தால் மட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? மாலை ஐந்தரைக்கு மேல் அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண், அந்த நேரத்தில் மாவாட்டுகிற வேலையை வாங்கிக்கொண்டார். கிரைண்டர் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை, கையில் மாவு ஒட்டியிருந்தால் இது நம் வீடு என்று தெரிகிறது என்றார். உங்கள் வீட்டில் அது வேறொன்றாக இருக்கலாம். மல்லிகையைக் கொஞ்ச நாள் சாமி படத்துக்கு மட்டும் வையுங்கள். அதுவும் முடியாது என்றால் சாமி கோபித்துக்கொள்ளாது. அறைக்குள் போகும் முன் தட்டாமல், வெளியே நின்று அவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மகனுக்கும் அதையே பழக்குங்கள். "சித்தி கெட்டவ இல்ல, சத்தம் கேட்டா பயந்துடுவாங்க" என்று சொன்னால் நாலு வயதுக்குப் புரியும். சாயங்காலங்களில் இருவரையும் தனியாக விடவேண்டாம், அது இருவருக்குமே நல்லது. மகளுக்குப் பின்னால் டியூஷனுக்குப் போவதைத் தடுக்காதீர்கள். மகள் சங்கடப்பட்டால் அதை அவளே சித்தியிடம் சொல்லட்டும். தெருமுனை வரை போதும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பழைய பதினேழு வயதுப் பெண் திரும்ப வரமாட்டாள். அந்தத் துக்கத்தை நீங்களும் அம்மாவும் தனியாக அழுது தீர்க்கத்தான் வேண்டும். தங்கை முகத்தில் அவளைத் தேடிக்கொண்டே இருந்தால், தான் தேறவில்லை என்றுதான் அவர் நினைப்பார். 1996-ல் மும்பையில் நடந்த ரெய்டுகளில் மீட்கப்பட்ட நேபாளப் பெண்களை ஏற்றுக்கொள்ள அவர்கள் நாடே தயங்கியது. நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசினார்கள். அந்தப் பெண்களில் சிலர் ஊர் திரும்பிச் சேர்ந்து சக்தி சமூஹா என்று தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2013-ல் அந்த அமைப்புக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. அவர்களுக்கு ராத்திரிகளில் கெட்ட கனவு வராமல் போயிருக்காது. அதோடு சேர்த்தே வேலைக்குப் போனார்கள், வழக்காடினார்கள், மற்ற பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள்.

இனி உங்கள் விஷயம். அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தது நீங்கள். ஆறு வருடமாக இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறீர்கள். புரோக்கர்கள் வீட்டுக்குள் வருவதே இப்படித்தான்: பக்கத்து ஊர்க்காரி, கூட வேலை பார்த்தவள், கஷ்டத்தில் கைமாற்று கொடுத்தவள் என்று நம்பிக்கையின் வழியாக. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவளை வாசற்படி ஏற்றியிருக்கமாட்டீர்கள். குற்றம் விற்றவள் மேல், வாங்கியவர்கள் மேல், காசு கொடுத்து வந்த ஆண்கள் மேல். ஆனாலும் என் வார்த்தையால் அந்தக் குத்தல் போய்விடும் என்று நான் நம்பவில்லை. தங்கையைச் சீக்கிரம் "சரி" பண்ணிவிட வேண்டும் என்ற உங்கள் தவிப்பில் அந்தக் குத்தலும் இருக்கிறது, அது தெரியாமலே அவரை அவசரப்படுத்துகிறது. அதை நீங்களும் ஒருவரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். அதே மனநலப் பிரிவில் உங்களுக்கும் சீட்டு போட்டுக்கொள்ளலாம். தங்கையிடம் சொல்வதா என்று கேட்டால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அழைத்துப்போனவள் யார் மூலம் வந்தாள் என்பதை அவர் மறந்திருக்கமாட்டார். என்றாவது ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். கேட்டுவிட்டு, மன்னித்தேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆள் அடையாளம் தெரியாமலிருக்க உங்கள் கடிதத்தில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நீங்கள் எழுதியது தங்கைக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இந்தப் பதிலை அவரிடம் காட்டலாம் என்று பட்டால், முதலில் நீங்கள் எழுதியதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

நாளைக்குக் கார்பெண்டரைக் கூப்பிட்டு வெளித் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லுங்கள். உள்பக்கம் ஒன்று போட வேண்டும். எந்த மாதிரித் தாழ்ப்பாள், கதவில் எந்த உயரத்தில் என்பதைத் தங்கையிடம் கேட்டுக்கொண்டு ஆளை வரச்சொல்லுங்கள்.